பார்க்கும் இடம்

"ஏங்க, இங்க வாங்களேன். வந்து கண்குளிரப் பாருங்க!"

அம்மா கூப்பிட்ட குரலிலேயே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, பார்க்கப்போவது கண் குளிர்கிற சமாச்சாரம் இல்லை என்று.

எதிர்வீட்டு வாசலில் ஒரு வேன். மூன்று ஏணிகள். ஒரே மாதிரி சட்டை போட்ட நாலு பேர் மொட்டைமாடிச் சுவர் ஓரமாகக் கலர் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வருஷக் கடைசி லீவுக்கு லைட் போடுறாளாம். அதுக்குக் கம்பெனியில இருந்து ஆளு! நீங்களும் போடுறீங்களே வருஷா வருஷம்... ஸ்டூல் மேல ஏறி, ஆணிக்குப் பதிலா விரல்ல அடிச்சுக்கிட்டு, ரெண்டு தடவை ஷாக் வாங்கி!"

"போன வருஷம் ஒரு தடவைதான்" என்றார் அப்பா.

சாயந்திரம் எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. இந்த வீட்டில் அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

ஹால் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று முழுசாக அரைமணி நேரம் பார்த்துவிட்டு அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"ரசனையே கிடையாது. வாசல் கேட் இருட்டா கிடக்கு. லைட்டெல்லாம் மாடி உச்சியில! வர்ற விருந்தாளி பறந்தா வரப்போறான்?"

எட்டரைக்கு விளக்குகள் பட்டென்று அணைந்தன.

"பார்த்தீங்களா? அதுக்குள்ள அணைச்சுட்டா. இந்தக் கஞ்சத்தனத்துக்கு எதுக்கு இவ்வளவு பந்தா?"

"நல்லாவே இல்லைன்னியே, அணைச்சது நல்லதுதானே?"

அம்மா பார்த்த பார்வையில் அப்பா பேப்பருக்குள் போய்விட்டார்.

இதில் மாட்டிக்கொண்டது பாப்பாதான். எட்டு வயசு. சைக்கிளில் இருந்து விழுந்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. மாடி ரூம் கட்டிலில் மூன்று வாரமாக மல்லாந்தபடியே கிடக்கிறாள். இன்னும் மூன்று வாரம் பாக்கி. படுத்த இடத்தில் இருந்து தெரிவது துளி வானமும் எதிர்வீட்டு உச்சியும்தான்.

விளக்கு போட்ட முதல் நிமிஷம் பாப்பா "ஹைய்யா!" என்றாள். இரண்டாவது நிமிஷம் அம்மா ஸ்கிரீனை இழுத்து மூடிவிட்டாள்.

மறுநாளும் அதே கதை.

"அம்மா, ஸ்கிரீனைத் திறயேன். ஓரத்துல பச்சையா என்னமோ ஓடுது."

"ஒண்ணும் ஓடலை."

"சிவப்பும் ஓடுதும்மா. கொஞ்சமா திறம்மா. ஒரு கண்ணால மட்டும் பார்க்கிறேன்."

"அவ பீத்தலை நாம எதுக்குப் படுத்துக்கிட்டு வேடிக்கை பார்க்கணும்? எட்டரை ஆகப்போகுது, தூங்கு."

கீழே வந்ததும் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"போன வாரம் பாப்பாவைப் பார்க்க வந்தப்போ அந்தம்மா நல்லாத்தானே பேசினாங்க?"

"பேசவா வந்தா? பாப்பா பக்கத்துல அவளும் படுத்து, தலையணையில தலையைச் சாய்ச்சுப் பார்த்தாளே, ஞாபகம் இருக்கா? நம்ம மெத்தை எவ்வளவு மெத்துன்னு பார்க்கத்தான்! இருங்க, அடுத்த மாசம் இதே மெத்தை அவ வீட்டுலயும் இறங்கும்."

நாலாம் நாள் அதே வேன் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. அம்மாவின் ஏற்பாடு.

காதில் பென்சிலும் கையில் நோட்டுமாக மேஸ்திரி இறங்கினார். கரகரத்த தொண்டை.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்கம்மா. எங்க இருந்து பார்ப்பீங்க?"

"எதை?"

"லைட்டைத்தான். ரோட்டுல நின்னு பார்த்தா ஒரு மாதிரி கட்டணும், கேட்டுக்குள்ள வந்து பார்த்தா வேற மாதிரி கட்டணும். பார்க்கிற இடம் தெரியாம நாங்க ஏணியே சாத்துறதில்ல."

அம்மா அரை வினாடிகூட யோசிக்கவில்லை.

"எதிர்வீட்டு ஹால். அவ சோபாவுல உட்கார்ந்தா, நேரா கண்ணுல அடிக்கணும்."

மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"என்ன பார்க்குறீங்க? எழுதுங்க."

எழுதினார்.

"எத்தனை மணிக்கு அணையணும்? டைமர்ல வெச்சுடுறேன்."

"அணையவே கூடாது. விடிய விடிய எரியட்டும். அவ திரும்பிப் படுத்தாலும் சுவத்துல தெரியணும்!"

அதையும் எழுதினார்.

"ஆமா, அவ என்னென்ன எழுதச் சொன்னா? காட்டுங்க பார்ப்போம். நம்மது அதைவிட ஒரு படி மேல இருக்கணும்."

"அது வேற பார்ட்டியோட விஷயம்மா, காட்டக்..."

அவர் முடிப்பதற்குள் நோட்டு அம்மா கைக்கு வந்துவிட்டது. முந்தின பக்கத்தைப் புரட்டினாள். அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, எதிர்வீட்டம்மா மாதிரியே மூக்கால் படிக்க ஆரம்பித்தாள்.

"பார்க்கும் இடம்ம்ம்..."

அதற்கப்புறம் மூக்குக் குரலைக் காணோம். அடுத்த வரியில் அம்மாவின் சொந்தக் குரலும் தேய்ந்துபோனது. மிச்சத்தை அப்பாதான் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

'பார்க்கும் இடம்: எதிர்வீட்டு மாடி ரூம் கட்டில். தலையணை உயரத்தில் இருந்து.

அணைக்கும் நேரம்: எட்டரை. பாப்பா தூங்கும் நேரம்.'