காயாத நீலம்

சட்டைக்கு நீலம். எல்லாருக்கும் நீலம்.

ஐஸ் குச்சிகளில் வரிசையாக ஒட்டி நின்றார்கள், சுண்டுவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள். அவர் தூரிகையை ஒருவன் தோளில் வைத்து அடுத்தவன் தோளில் எடுத்தார்.

இடுப்பு விட்டுப்போயிற்று. காலையில் கொண்டுவந்து வைத்த காபி ஏடு கட்டிக் கிடந்தது.

“ஒரு தட்டு இட்லியை ஒண்ணொண்ணாவா அவிப்போம்?” என்றாள் மங்கை. “எல்லாத்துக்கும் சட்டை. அப்புறம் எல்லாத்துக்கும் பெல்ட்டு. அதுலயே நிக்காதீங்க, நகருங்க.”

அவர் மனைவி அவள். தூரிகை பிடித்தே அறியாதவள். வேலையை ஓட்டத் தெரிந்தவள்.

அவரானால் ஒருவனோடு ஒரு மாதம் உட்கார்ந்திருப்பார். பொத்தானுக்கு நிழல் வைப்பார். கண்ணுக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் கருப்பு, கருப்புக்குள் ஒரு மினுக்கு. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

மங்கையின் அண்ணன் பரிதி அதைப் பார்த்துச் சிரிப்பார். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியபோது, மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கென்று வர்ணம் பூசாத இரண்டு பொம்மைப் படைகளை வாங்கிவந்தவர் அவர்தான். ஒன்று தனக்கு. ஒன்று தங்கை புருஷனுக்கு. தன் படைக்குச் சிவப்பை அள்ளிப் பூசிவிட்டு, எதிரி வரட்டும் என்று காத்திருந்தார்.

வருஷக்கணக்கில்.

“மாப்ள, உங்க ஆளுங்க டிரஸ் மாத்திக்கிட்டு வர்றதுக்குள்ள எங்காளுங்க பென்ஷன் வாங்கிருவாங்க.”

வர்ணம் பூசாதவன் மேசை ஏறக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவர் மாப்பிள்ளைதான். தாயத்தில் கட்டை கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் ஒத்துக்கொள்ளாத மனிதர், என்ன செய்ய.

ஆகவே ஓர் ஆட்டம்கூட நடந்ததில்லை.

இப்போது பரிதியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அங்கே செய்ய ஒன்றும் இல்லை. சாயங்காலங்களில் மட்டும் கொஞ்ச நேரம் எழுந்து உட்காருகிறார். இன்று ஆடிவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“அப்படியே எடுத்துட்டுப் போனாத்தான் என்ன? எங்கண்ணன் வேணாம்னா சொல்லப்போகுது?” என்று மங்கை காலையிலேயே கேட்டாள்.

அவர் தூரிகையை நீலத்தில் தோய்த்தார். சட்டம் ஒன்றுமில்லை என்று இன்றைக்குச் சொன்னால், இத்தனை வருஷம் அந்த மனிதரை எதற்காகக் காக்கவைத்தோம்?

பெல்ட்டு ஆயிற்று. பூட்ஸ் ஆயிற்று. முகத்துக்கு ஒரே இழுப்பு.

மங்கை ஹேர் ட்ரையரைப் பிடித்தாள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களுக்குத் தலை காயவைப்பதுபோல, ஒவ்வொரு குச்சியாகத் திருப்பித் திருப்பி.

கடைசியில் பழுப்பு நீர். சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓடவிட்டால் போதும், மடிப்பிலும் குழியிலும் தானே போய்த் தங்கிக்கொள்ளும். அவசரமெல்லாம் நிழலாகிவிடும். அதைக் குறுக்குவழி என்று இகழ்ந்தவர்தான் இவர். இன்று கிண்ணம் கிண்ணமாக ஊற்றினார்.

கண்கள் மட்டும் மிச்சம்.

மெல்லிய தூரிகையை எடுத்தார். மங்கை அதைக் கையிலிருந்து வாங்கித் தண்ணீர் டம்ளரில் போட்டாள்.

“கண்ணு வேணாம். கிளம்புங்க.”

காய்ந்தும் காயாத படையைத் தாம்பாளத்தில் நிறுத்தி, சீர் கொண்டுபோவதுபோல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

“கொலுவாம்மா?” என்றார் ஆட்டோக்காரர்.

“ஆமாண்ணே. பள்ளத்துல விடாமப் போங்க.”

மங்கையின் பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் நீலமாகவே தெரிந்தது.

பரிதி தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. மேசையில் சிவப்புப் படை முன்பே அணிவகுத்து நின்றது.

எதிரே நீலத்தை நிறுத்தினார்கள்.

பரிதி கையை நீட்டினார். மங்கை ஒரு நீலச் சிப்பாயை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. கட்டைவிரலால் மெல்லத் தடவினார். தோள். பெல்ட்டு. முகம்.

“கண்ணை எவ்வளவு நுணுக்கமா வச்சிருக்கீங்க மாப்ள.”

மாப்பிள்ளை மங்கையைப் பார்க்கவில்லை. மங்கையும் அவரைப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் நேரமாயிருச்சு மச்சான்.”

“தெரியாதா எனக்கு.” பரிதி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “இப்ப போடுறேன் பாருங்க. ஆறு விழுந்தா உங்காளு ஒருத்தன் சாயணும். அதுல இதுல நொட்டை சொல்லக்கூடாது.”

கட்டை உருண்டது. தாம்பாளத்தில் மோதி நின்றது.

“என்ன விழுந்துச்சு?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் பரிதி.

ஒற்றைப் புள்ளி.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“ஆறு மச்சான்.”

முன்வரிசையில் நின்றவனை எடுத்துப் படுக்கவைத்தார்.

நீலம் விரலோடு வந்துவிட்டது.