ஏரிக்கரை காந்தி

“பாய், நீ செஞ்சது துரோகம்.”

மைக்செட் கலீல் ரகுமான் ஒயரைச் சுருட்டினார். கூட்டம் கலைந்துவிட்டது. உலகநாதன் மட்டும் மேடையில் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

சுதந்திர வெள்ளிவிழா என்று திருநின்றவூரே திரண்டிருந்தது. ‘லோகமான்யர்’ திலகர், ‘நேதாஜி’ போஸ், ‘இரும்பு மனிதர்’ படேல் என்று படங்களுக்கெல்லாம் பட்டத்தோடு மாலை போட்டாயிற்று. அந்த வரிசையில் ‘ஏரிக்கரை காந்தி’ உலகநாதனும் சேர்வதாக ஏற்பாடு. எல்லைக்கு ஒரு காந்தி இருக்கும்போது ஏரிக்கரைக்கு ஒருவர் கூடாதா என்பது அவர் கட்சி. பட்டத்தை அவரே யோசித்து, மைக்கில் அறிவிக்கும்படி கலீலிடம் சொல்லிவைத்து, கேட்டதும் கூச்சப்படுவது எப்படி என்று வீட்டுக் கண்ணாடியில் பழகியும் பார்த்திருந்தார்.

கலீலோ, “அடுத்து உலகநாதன் பேசுவார்” என்று மொட்டையாக முடித்துவிட்டார்.

“பொண்ணு கேட்டு வந்த சம்மந்தி முன்வரிசைல உக்காந்துகினு இருந்தாரு. அவுரு எதிர்ல என் மானத்த வாங்கிட்டியே.”

“அதுக்குத்தான் அண்ணாத்தே. நான் பட்டம்னு ஆரம்பிச்சா பின்னால கீற பசங்க சும்மா இருப்பானுங்களா? ஊர்ல உனக்கு வெச்சிகீற பேரைக் கத்தியிருப்பானுங்க.”

உலகநாதன் உதறுவதை நிறுத்தினார். “எனக்கா? இன்னா பேரு?”

“வேணாம்.”

“சொல்லு பாய்.”

“வாய்ப்பந்தலாரு.”

தெருக்குழாய், தார் ரோடு, பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரை என்று மேடைதோறும் அள்ளிவிட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பேர்ப்பொருத்தம் பிரமாதம் என்று அவருக்கே பட்டது. அதற்காகக் கோபம் வராமல் போகுமா?

“எவன் வெச்சான்? தோல உரிச்சிடறேன்.”

“அண்ணிதான். குழா வரும் வரும்னு நீ சொல்லிகினே கீற. அடுத்த தெரு கெணத்துலேந்து தண்ணி சொமந்துகினு வர்றப்ப சொன்னாங்களாம். ஊரே புட்ச்சிகிச்சி.”

உலகநாதன் மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“காலைல எங்க ஊட்டுக்கே வந்து அழுதாங்க அண்ணாத்தே. ‘வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன் பாய். சம்மந்தி காதுல வுழுந்தா எம் பொண்ணு கல்யாணம் நின்னுடும். இன்னிக்கி மட்டும் அவருக்குப் பட்டம் குடுத்துடாதீங்க. கல்யாணம் முடியட்டும், அவரு ஆசைப்பட்ட பேரை நானே கூட்டத்துல நின்னு மொத ஆளா கத்துறேன்’னாங்க.”