ஒப்புக்கு ஒரு ஸ்டியரிங்

இந்த ஸ்டியரிங் எதையும் திருப்பாது என்று இவரிடம் எப்படிச் சொல்வது?

தானே ஓடும் கார்களில், உட்கார்ந்திருப்பவர் தானே ஓட்டுவதாக நம்புவதற்காக அதை வடிவமைத்தவள் மங்கையர்க்கரசி. பிடிப்பவர் உள்ளங்கையில் உணரும் லேசான நடுக்கத்தையும் அவள்தான் சேர்த்தாள். அதற்கு விருது வாங்கிச் சிரித்த படம் கம்பெனியின் இதே அறைச் சுவரில் தொங்கியது.

எதிரே, அப்படியொரு கார் விபத்தில் மனைவியை இழந்த தணிகாசலம் அமர்ந்திருந்தார்.

"நான்தாம்மா தப்பா ஒடிச்சேன். கை நடுங்கிச்சு. 'பாத்து ஓட்டுங்க'ன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தா."

அந்த நடுக்கம் அவருடையதல்ல.

கம்பெனி மேலாளர் விபத்து அறிக்கையை அவள் பக்கம் நகர்த்திக் கிசுகிசுத்தார். "அவரே ஒத்துக்கிட்டாரு மேடம். ஓட்டினவர் தப்புன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

அவள் பேனாவை மூடினாள்.

"ஐயா, வண்டிய நீங்க ஓட்டவே இல்ல."