முப்பதாவது கிலோமீட்டர்

முடிவுக்கோட்டைத் தாண்டியதுமே தையல்காரர் நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார். கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது, வெயிலில் கண் கூசுகிறது. இதற்கு முன் ஓடிய மூன்று மாரத்தான்களிலும் முப்பதாவது கிலோமீட்டரில் இப்படித்தான் உட்கார்ந்தார். மிச்சமிருந்த பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஆம்புலன்ஸில்தான் கடந்தார். இன்றைய பந்தயமே மொத்தம் முப்பது கிலோமீட்டர்தான். அதே வலி, அதே தொண்டை வறட்சி. ஆனால் யாரோ கழுத்தில் பதக்கம் மாட்டுகிறார்கள், கைதட்டுகிறார்கள். பதக்க நாடாவின் ஓரத்தில் தையல் விட்டிருப்பதை அவர் விரல் தானாகக் கண்டுபிடித்து வருடுகிறது. "முடிச்சிட்டீங்கப்பா!" என்று மகள் குதிக்கிறாள். அவர் அவளையும், எதிரே காலியாக நீளும் சாலையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"ஆம்புலன்ஸ் இன்னும் வரலையாம்மா?"