படுத்திருந்தவர் விழவில்லை

“வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார்” என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னார் பெரிய டாக்டர்.

நான் எழுதவில்லை.

அந்த நோயாளி விழவே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில், மூன்றாவது கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் அவருடைய முழங்கால் சில்லு இரண்டாக உடைந்தது. படுத்திருக்கிற மனிதர் எங்கே போய் விழுவார்?

அவர் தீயணைப்பு வீரர். ஏணியிலிருந்து குதித்ததில் முழங்கால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் லிகமென்ட் நார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் இங்கேதான். சில்லிலிருந்து ஒரு துண்டு எலும்பை நாரோடு வெட்டியெடுத்து, கிழிந்த இடத்தில் பொருத்தினார்கள். வெட்டிய இடம் தேற மாதக்கணக்காகும். அதுவரை சில்லு விரிசல் விட்ட பீங்கான் தட்டு மாதிரி. தொடலாம், அழுத்தக் கூடாது.

ஆறாவது வாரம். தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டிய கால் எழுபதிலேயே நின்றது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே மடக்குவது அந்த அறையின் வழக்கம். மகள் சைக்கிள் பழகும் கூத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டக்கென்று ஒரு சத்தம்.

ஆபரேஷன் ஆன மூட்டுக்குள் தழும்பு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு விடும்போதும் இப்படித்தான் சத்தம் வரும். கேட்டால் பிசியோக்களுக்குச் சந்தோஷம். ஒட்டு விட்டுவிட்டது, நல்லதுதான் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கால் இன்னும் பத்து டிகிரி மடக்கப்பட்டது. பாவி மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னார்.

இப்போது எக்ஸ்ரே மேசைமேல் கிடக்கிறது.

விழுந்தார் என்று எழுதினால் பழி முழுக்க அவர் தலையில். சொன்ன பேச்சைக் கேட்காமல் நடமாடிக் காலை உடைத்துக்கொண்டவரை அவருடைய துறை திரும்ப ஏணியில் ஏற்றுமா? முப்பது வருடமாக எலும்பைப் பார்க்கிற டாக்டர், இதை வாய் கூசாமல் சொல்கிறார்.

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். பதினோரு வருஷ சர்வீஸ். ஒரே வரியில போயிடும்.”

போனால் போகட்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். நாள், நேரம், கட்டில் எண், அந்தச் சத்தம், அதற்குப் பிறகான பத்து டிகிரி. எழுத எழுத டாக்டரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தை நானே அடியில் போட்டேன். காலை மடக்கியவர் யார் என்று அதற்குத் தலைப்பு வைத்தேன்.

உள்ளே என் பெயரை எழுதினேன், இனிஷியலோடு.