பதினோராவது ஆள்

"பத்து பேரைத் திருப்பி அனுப்பிட்டீங்க. இவங்க தேறுவாங்களா?" என்றார் பட்டறை முதலாளி.

உள்ளூர்ப் பெண் ஒருத்தி பற்றவைத்துக் கொடுத்த குழாயில் தண்ணீரை வேகமாகச் செலுத்திப் பார்த்தார், வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் வெல்டர். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

"நல்லா பண்ணியிருக்காங்க சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. சின்னக் குறைகூட இல்லையா?"

"இல்லை சார். என் வேலையைவிடச் சுத்தமா இருக்கு."

எட்டு மாதமாக வேலை இல்லாமல் இருந்தவள், இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளி ஒரு படிவத்தை எடுத்து வெல்டர் முன் வைத்தார்.

"உள்ளூர்ல தகுதியான ஆள் கிடைக்கலைன்னு எழுதினாத்தான் நீங்க இந்த நாட்டுல தொடர்ந்து வேலை பார்க்குற பர்மிட்டுக்கு நான் ஸ்பான்சர் பண்ண முடியும். ஆள் தேடுறதே உங்க இடத்துக்குத்தான்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கலை சார். கசியுதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. கையில இருந்த குழாயைப் பார்த்துட்டுச் சொல்ல முடியலை."

மாலையில் ஊரிலிருந்து மனைவி போன் செய்தாள். "ஆள் யாரும் கிடைக்கலைதானே?"

"கிடைச்சாச்சு."

"நல்லா வேலை தெரிஞ்சவங்களா?" என்றாள் அவள்.

"ரொம்ப நல்லா."

"அப்ப சரி. அப்பா வந்துடுறேன்னு பாப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."