ஆறு ரோஸ் கல்லகர்கள்

"எந்த ரோஸ் கல்லகர்னு கேக்கறீங்க?" என்றாள் ரோஷா. "நீங்க பிறந்த வருஷம் இந்தத் தீவுல ஆறு பேர் இருந்தாங்க. எழுத்துல ரோஸ், வாயில ரோஷா. அதுல நானும் ஒருத்தி."

மேசைக்கு எதிரே இருந்த ஜூடித்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பதைத் தாண்டியவள், பிலடெல்ஃபியாவிலிருந்து வந்திருந்தாள். மடித்து மடித்து நைந்துபோன பிறப்புச் சான்றிதழை விரித்து வைத்தாள். தாய்: ரோஸ் கல்லகர், வயது பதினேழு, ஊர் இந்தத் தீவு. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கல்யாணமாகாமல் வயிற்றில் வாங்கிக்கொண்ட பெண்களை ஒளித்து வைக்கும் விடுதி ஒன்று அக்கரையில் இருந்தது. அங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே கடல் தாண்டிப் போனவள் அவள்.

"எனக்கு அவங்ககிட்ட ஒண்ணும் வேண்டாம்மா. ஒரே ஒரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான்."

கோடை வந்தால் தீவுக் கூடத்தில் குடும்பப் பெயர் மேசை ரோஷாவின் பொறுப்பு. வேர் தேடி வருகிற கல்லகர்கள் சுவரிலுள்ள உலகப் படத்தில் அவரவர் ஊரில் ஒரு குண்டூசி குத்திவிட்டுப் போவார்கள். கிளாஸ்கோ, பாஸ்டன், சிட்னி என்று ஊசி குத்தாத கரையே பாக்கியில்லை. தீவு இருக்கும் சொந்த மாவட்டமான டொனகாலில்தான் கொஞ்சம்.

கல்லகர் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஜூடித் கேட்டாள்.

"வெளியார் துணைன்னு சொல்லுவாங்க. எந்தக் காலத்துலயோ எவனோ அந்நிய ஆளுங்களைத் துணைக்குச் சேர்த்துக்கிட்டிருப்பான். அவன் வம்சமாம் நாங்க."

"எனக்குப் பொருத்தமான பேருதான். வெளியார்தானே என்னை வளர்த்தாங்க."

ரோஷா பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

அந்த நேரம் பார்த்து மேனஸ் உள்ளே வந்தான். படகோட்டி, ரோஷாவின் புருஷன். நாலு மணிப் படகு யாருக்காகவும் நிற்காது என்று சொல்லத்தான் வந்தான், ஆனால் புது முகத்தைக் கண்டால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ரோஷா ஓவன்கிட்ட மாட்டிக்கிட்டீங்களா? ஓவன் இவ அப்பன். எனக்குப் பொண்டாட்டியாகி நாற்பத்தாறு வருஷம் ஆச்சு, ஊரு இன்னும் மாமனார் பேரைத்தான் ஒட்டவச்சுக் கூப்பிடுது."

ஊரே கல்லகராக இருக்கையில் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு யாரை அடையாளம் காண்பது என்று அவனே விளக்கமும் சொன்னான். முதலில் தன் பெயர், அடுத்து அப்பன் பெயர், அதற்கடுத்து தாத்தா பெயர். அப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாயின் பெயர், பிறகு தாயைப் பெற்றவன் பெயர். அதோடு விடவில்லை, யாரைத் தேடி வந்தீர்கள் என்றும் கேட்டுவைத்தான்.

ஜூடித் வாயைத் திறப்பதற்குள் ரோஷா முந்திக்கொண்டாள். ஏதோ தூரத்து உறவாம் என்றாள். படகைப் பார்க்கச் சொல்லி அவனை வெளியே தள்ளாத குறையாக அனுப்பினாள்.

அவன் காலடி ஓசை அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க தேடுற பொண்ணுக்கு ஒரு புருஷன், பிள்ளைங்கன்னு இருந்தா? அவங்களுக்கு இது தெரியவே தெரியாதுன்னா?" என்று கேட்டாள்.

"தெரிய வேண்டாமே. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

ரோஷா எழுந்தாள். "வாங்க" என்றாள்.

கல்லறைத் தோட்டம் கூடத்துக்குப் பின்னால் மேட்டில் இருந்தது. எந்தக் கல்லைப் பார்த்தாலும் கல்லகர். கடல் பக்கம் கடைசியாக இருந்த கல்லருகே ரோஷா நின்றாள். ரோஸ் கல்லகர், போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் என்றது கல்.

"இவ ரோஷா ஜானி. என்கூடப் படிச்சவ. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல. சொல்லிக்க ஒரு உறவும் கிடையாது."

ஜூடித் வெகுநேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று முடியைக் கலைத்தது, அவள் ஒதுக்கிவிடவில்லை. என்னைப் பற்றி எப்போதாவது பேசினார்களா என்று மட்டும் கேட்டாள்.

ரோஷா கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"பதினோரு நாள் உன்னைக் கையில வச்சிருந்தா. கிரானியான்னு பேரு வச்சா. இடது காது மடல் கொஞ்சம் மடங்கியே இருக்குமாம் உனக்கு. பால் கொடுக்கறப்ப எல்லாம் அதை நீவி நீவி விடுவாளாம். பன்னிரண்டாம் நாள் காலையில வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

குனிந்து கல்லில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டாள்.

ஜூடித்தின் கை முடிக்குள் போய் இடது காதைத் தொட்டது. தலையைத் திருப்பி ரோஷாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, கண், மோவாய் என்று ஒன்று விடாமல் பார்த்தாள்.

"பார்த்துட்டேன்" என்றாள். "இது போதும் எனக்கு."

கீழே மேனஸ் படகின் சங்கை ஊதினான். ஜூடித் ரோஷாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். கூடத்தில் இருந்த பையை எடுத்துக்கொண்டு ஓடுவதாகச் சொல்லி, மேட்டிலிருந்து வேகவேகமாக இறங்கினாள்.

படகு கண்ணுக்கு மறையும்வரை ரோஷா அந்தக் கல்லருகேயே நின்றாள். ஏன் நீயென்று சொல்லிக் கூப்பிட்டோம், ஏன் காதைப் பற்றிப் பேசினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கூடத்தைப் பூட்ட வந்தாள்.

வருகைப் பதிவேடு மேசைமேல் திறந்து கிடந்தது. கடைசி வரியில், எங்கிருந்து வருகிறீர்கள் என்ற இடத்தில் பிலடெல்ஃபியா இல்லை, இந்தத் தீவின் பெயர் இருந்தது. பெயர் என்ற இடத்தில் ஜூடித்தும் இல்லை, ஜானியும் இல்லை. தீவு வழக்கப்படி மூன்று பெயர்களை அழுத்தமாக எழுதியிருந்தாள்: கிரானியா ரோஷா ஓவன்.